வடக்கே நகர்ந்த பிள்ளையார்

இன்று காலை பூஜைக்கு மரிக்கொழுந்து கிள்ளினேன். விரலில் அந்த வாசனை ஏறியதும் உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. பேச வழியில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் போய், வருஷத் திதியும் முடிந்து வரும் முதல் விநாயகர் சதுர்த்தி இது. உங்கள் மனைவி அழுதுகொண்டு எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தாவர சாஸ்திரத் துறைக்கு இப்போது மாடிக் கட்டடம். முன்பு அது சேலத்துக் கல்லூரியின் பின்புறம் குதிரை வண்டி நிறுத்திய கொட்டகை என்று சொன்னால், அங்கே படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஓர் உருப்பெருக்கி, இரண்டு பெஞ்சு, அப்புறம் நீங்கள். அவ்வளவுதான் துறை. பின்னால் நீங்களே கொத்திப் போட்ட தோட்டம். சங்ககிரி மலைச் சரிவிலிருந்தும் நாமகிரிப்பேட்டை ஓடைக்கரையிலிருந்தும் ஈரச் சாக்கில் சுற்றிச் செடி கொண்டுவருவீர்கள். "ஏனுங்க, முள்ளுச் செடிக்கும் டிக்கெட்டு எடுக்கோணுமுங்க" என்று பஸ் கண்டக்டர் உங்களைக் கேலி செய்தாராம். அந்தச் சாக்கு, சட்டி எல்லாவற்றையும் வீட்டுக் கணக்கில் ‘பிள்ளைகள் செலவு’ என்று எழுதினேன். நமக்குத்தான் பிள்ளை இல்லையே என்பதுபோலப் பார்த்தீர்கள். "தோட்டத்துல நிக்குதுங்களே" என்றேன்.

ஒரு வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குத் திருப்தியானால் பட்டப்படிப்பு வகுப்புக்கு அனுமதி. இல்லாவிட்டால் கொட்டகை ரசாயனத் துறைக்குப் போய்விடும், துறையை மூடிவிடுவார்கள். பாடத்தில் வரும் செடிகள் தோட்டத்தில் உயிரோடு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் வரும் நாள் சதுர்த்திக்கு மறுநாள்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு தகரப் பலகை அடித்தீர்கள். "ஊராரும் படிக்கட்டும், தமிழ்ல பெருசா எழுதிக்குடு" என்று என்னிடம் தந்தீர்கள். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே எழுதப் பழகியவளின் எழுத்துக்கு வந்த மரியாதை அது. நன்றாகவே எழுதினேன். ஊராரும் நன்றாகவே படித்தார்கள்.

சதுர்த்திப் பூஜைக்கு இருபத்தொரு வகை இலை வேண்டும். எருக்கும் துளசியும் எங்கும் கிடைக்கும். தேவதாரத்துக்கு எங்கே போவது? விஷ்ணுகிராந்தி எதுவென்று யாருக்குத் தெரியும்? நம் தெருவில் வருஷா வருஷம் நாலைந்து குறையும். குறைந்ததற்கு அட்சதை போட்டுச் சமாளிப்போம். அந்த வருஷம்தான் அத்தனையும் ஒரே இடத்தில், பெயர்ப்பலகையோடு. விடிந்ததும் தெருப் பெண்கள் கூடையோடு போய்விட்டார்கள். சாமிக்குப் பறிப்பதை யார் தடுப்பார்கள்? கல்லூரிக் காவல்காரரே தன் வீட்டுக்கு ஒரு மடி பறித்துக்கொண்டார்.

மத்தியானம் வந்து நின்றீர்கள். "மொட்டையடிச்சுட்டாங்க" என்றீர்கள். கொழுக்கட்டையைத் தொடவில்லை. நம் பிள்ளையாரைப் பார்த்தீர்கள். அடுத்த வீட்டுத் தறிக்கார முத்தாயி அக்கா அன்போடு கொடுத்தனுப்பிய தேவதார இலை அவர் மடியில் கிடந்தது. "இவருமா" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முத்தாயி அக்காவிடம் ஓடி, மறுநாள் பார்வையிட வருகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பேரெழுதி நட்டிருந்துச்சா, பூசைக்குத்தான் வச்சிருக்கறாங்கன்னு நெனச்சோம் சாமி. இப்ப என்ன பண்றது?"

"பறிச்ச எலையும் வேணுமுங்கக்கா. ஊட்டுல இருக்கற செடியும் வேணும்."

"செடி எடுத்துக்க. எலை பிள்ளையாரு காலடில கெடக்குது. நாளைக்குப் பூசை முடிச்சு அவர வடக்க நகத்தி அனுப்பி வச்சப்பறந்தான் எடுக்கோணும். பூசையே கதின்னு இருக்கறவ, உனக்குத் தெரியாதா?"

தெரியும். வந்த சாமியை அன்றே வழியனுப்புவதா? வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, அவரிடமே கேட்டேன். "உங்களுக்கு அடுத்த வருசமும் சதுர்த்தி வரும். அவுருக்கு நாளைக்கு ஒரு நாளுதான். கொஞ்சம் முன்னாலயே கெளம்பறீங்களா?" தயிர்ச்சோறு படைத்து, கற்பூரம் காட்டி, அவரை வடக்கே நகர்த்தினேன்.

பின்னால் வந்து நின்றிருந்த முத்தாயி அக்கா, "நீயே நகத்திட்டயா? அப்பச் செரி" என்று போனாள். பொழுது சாய்வதற்குள் தெருவிலிருந்த பிள்ளையார்கள் எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் கொட்டகைக்கு ஊர்வலம்தான். மாடத்துத் துளசி, மரிக்கொழுந்துச் சட்டி, வேலியோரம் மண்ணோடு பெயர்த்த ஊமத்தை. வேரோடு பிடுங்கிய விஷ்ணுகிராந்தியை ஒருத்தி ஈரத்துணியில் பிள்ளைபோல ஏந்தி வந்தாள். தேவதாரம் மட்டும் வெறுங்குச்சியாக நின்றது. அதன் இலைகளை வாழையிலையில் வைத்தோம். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எருக்கு அந்தப் பக்கமுங்க, அறுகு இங்க" என்று பந்தி விசாரிப்பவர்போல ஓடினீர்கள்.

மறுநாள் அந்த மூவரில் மூத்தவர் கொட்டகைக்குள் நுழைந்தார். பெஞ்சில் வரிசையாக இலைகள், எல்லாவற்றிலும் குங்குமம். தன்னையறியாமல் பூட்ஸைக் கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்துக் கூட வந்த வெள்ளைக்காரரும் கழற்றினார்.

"இது டிபார்ட்மெண்டா, கோயிலா?" என்றார் மூத்தவர்.

நீங்கள் பதில் தேடுவதற்குள் வாசலிலிருந்து முத்தாயி அக்கா, "ரெண்டுக்கும் எலை வேணுமுங்களே" என்றாள்.

அவர் சிரித்த பிறகுதான் நீங்கள் மூச்சு விட்டீர்கள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னீர்கள். தோட்டத்தைச் சுற்றி வந்து, "ஊரே காவல் காக்கும் தோட்டம். இதை எப்படி மூடச் சொல்வது?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. அனுமதி வந்தது. அடுத்த சதுர்த்தியிலிருந்து வீட்டுக்கு வீடு நீங்களே இலை கொடுத்தனுப்பினீர்கள்.

பட்டப்படிப்புப் பாடத்தை நீங்கள் தயாரித்தது அடுப்படிக்கு எதிரே நடந்து நடந்து. செடிகளின் லத்தீன் பெயர்களைச் சத்தமாகச் சொல்வீர்கள். அரிசி களையும் நானும் கூடவே முணுமுணுப்பேன்.

இன்று ஒவ்வோர் இலையாக எடுத்துப் பிள்ளையாருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எருக்கு கைக்கு வந்தபோது "கலோட்ராபிஸ்" என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்தவில்லை. துளசிக்கு "ஆசிமம்", அறுகுக்கு "சைனோடான்". எல்லா இலைக்கும் உங்கள் ராகத்திலேயே சொல்லி முடித்தேன்.

"இதென்ன சாமி, புது மந்திரம்?" என்றாள் பக்கத்தில் நின்ற முத்தாயி அக்கா.

"எங்க ஊட்டு மந்திரமுங்கக்கா."

"அப்பச் செரி. வாத்தியாருக்கும் சேத்துப் போடு" என்று இன்னொரு பிடி இலையை என் கையில் வைத்தாள்.