கிணறு இறங்கிய வெள்ளிக்கிழமை

சுருளிப்பட்டி,
2.9.2001

பாண்டியராஜனுக்கு,

இத்தனை மாதம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. திராட்சைக்கு இந்த முறை விலை சுமார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவது, இங்கே உள்ளவர்கள் யாரும் உனக்கு எழுதாதது.

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. உன் மனைவி பவானியை ஆடிக்கு அழைத்துப்போன அவள் அப்பா தங்கபாண்டி, வடுகபட்டியில் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதுப்பெண்ணைத் திருப்பி அழைத்துவர இங்கிருந்து ஒரு ஆளும் போகவில்லை. போகப்போவதும் இல்லை. உன் அம்மா தன் அண்ணன் சுயம்புலிங்கத்தின் மகளுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு யாருக்கு, உனக்குத்தான். "எம்மகன் சரின்னுட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நீ போனில், "அம்மா சொல்றபடி செய்ங்க" என்றாயாம். பட்டாளத்தில் பாலமும் சாலையும் போடுகிறவன், கட்டியவளைக் கைகழுவ ஒரு போன் போதும் என்று நினைத்துவிட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமையை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். விடியற்காலையில் சுருளி வேலப்பர் கோயிலில் தாலி கட்டினாய். வீட்டுக்கு வந்து பால் பழம் சாப்பிட்டீர்கள். பந்தலுக்கு வந்தவர்கள் டிவியில் டெல்லி குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி.யைப் போடாமல், சுயம்புலிங்கத்தின் பெயருக்குப் பின்னால் அவர் தோற்றுப்போன எஸ்.எஸ்.எல்.சி.யை மட்டும் அச்சடித்திருந்தார்கள் என்பதால் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். பிறகு பவானியைத் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப்போனார்கள். நம் வீட்டுக்கு வாழவருகிறவள் கிணற்றுச் சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலையைத் தண்ணீரில் விட வேண்டுமே, அதற்காக. அவள் குனிந்தபோது மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஆள் மூழ்கும் ஆழம் நின்ற இடத்தில் பாறை தெரிந்தது. மிச்சம் கிடந்த தண்ணீர் டீத்தண்ணி மாதிரி கலங்கியிருந்தது. "ஆத்தாடி, கால வச்ச நேரத்துலயே கங்கை ஓடிப்போச்சே!" என்று உன் அம்மா போட்ட சத்தம் பந்தல் வரை கேட்டது. அந்தப் பெண்ணின் கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. அதை எங்கே விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானச் செய்தியில் குஜராத் பூகம்பத்தைச் சொன்னார்கள். காலை எட்டே முக்காலுக்கு ஆடியதாம். நான் படித்தது நிலவியல், பிழைப்பு கிணறுகளின் மட்டம் அளக்கிற உத்தியோகம். எழுந்து போய் உன் அப்பாவிடம், "அண்ணே, பூமி ஆடுனதுலதான் கெணறு இறங்கிருக்கு, புள்ளையத் திட்டாதீக" என்றேன். சீனிச்சாமி அண்ணன் சிரித்தார். "ஏலே, குஜராத்துல குலுங்குனா சுருளிப்பட்டியில தண்ணி இறங்குமா? அப்ப டெல்லியில தும்முனா இங்கன சளி பிடிக்கணுமே." சுயம்புலிங்கம் சும்மா இருப்பாரா? "சாருக்குக் கெணத்துல பங்கு குடுக்கல மாப்ள. அதான் பூமியவே ஆட்டிப் பாக்குறாரு" என்றார். பந்தலே சிரித்தது. நீயும் பல்லைக் காட்டினாய். நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

மூன்றாம் நாள் லீவை ரத்து செய்து உனக்குத் தந்தி வந்தது. இடிந்த ஊர்களில் வேலை செய்ய உன்னைக் கூப்பிட்டார்கள். எந்தப் பூகம்பம் கிணற்றை இறக்கியதோ அதுதான் உன்னையும் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் உன் அம்மாவின் கணக்கில் இரண்டும் பவானி தலையில் ஏறின. "வந்த அன்னைக்குத் தண்ணியக் குடிச்சா, மூணாம் நாள் மகனத் தொரத்திட்டா." குறி சொல்கிற கோடாங்கி ஒருவன் உடுக்கையடித்து அதையே திருப்பிச் சொன்னான். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈரப் புடவையோடு அவளைக் கிணற்றைச் சுற்ற வைத்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். குச்சனூருக்குக் கூட்டிப்போய் எள் விளக்குப் போட வைத்தார்கள். சனீஸ்வரரைக் கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு பெண்ணை ஈரத்துணியோடு நிறுத்தி வேடிக்கை பார்ப்பதற்கு என்ன பெயர்?

நீ மாசியில் உன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாய். கூடத்தில் சத்தமாக வாசித்தார்கள், நானும் வாசல்படியில் நின்று கேட்டேன். வறண்ட உப்புப் பொட்டலில் தரை பிளந்து தண்ணீர் பொங்கி நின்றதைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். அங்கே இல்லாத இடத்தில் தண்ணீரைக் கொண்டுவந்த பூகம்பம், இங்கே இருந்த தண்ணீரைக் கொண்டுபோயிருக்கும் என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதிய உனக்கும் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நம் கிணறு பாறையில் வெட்டிய கிணறு. பாறையில் உள்ள விரிசல்கள் வழியாகத்தான் அதற்கு ஊற்று. பூகம்பத்தின் அலை பாறைக்குள்ளாக ஆயிரம் மைலுக்கு மேலும் போகும். போகிற வழியில் நமக்குக் கால் நடுங்காது, கூரை அசையாது. பாறைக்குள் அடைத்திருக்கும் களிமண் மட்டும் சில இடங்களில் விலகிக்கொடுக்கும். தண்ணீர் புதுவழி பிடித்து ஒரு கிணற்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்விடும். கலங்கி வந்ததும் அதனால்தான்.

போன இடமும் எனக்குத் தெரியும். நம் வேலிக்கு அந்தப்பக்கம் மூக்கம்மாள் மதினியின் கிணறு அதே நாளில் ஏறியிருக்கிறது. அவர் சத்தமில்லாமல் பொங்கல் வைத்துவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டார். வந்து நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்று கேட்டேன். "ஏ சாமி, வாய வச்சுக்கிட்டு சும்மா இரும். எங்க கெணறு ஏறுனது தெரிஞ்சா, அவுக தண்ணிய நாங்க திருடிட்டோம்னு அருவாளத் தூக்கிட்டு வருவாக. பேரு கெட்டது அந்தப் புள்ளைக்குத்தான, எனக்கென்ன?" என்றார். நல்ல மனுஷி என்று நான் நினைத்திருந்தவர்.

இப்போது கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விட்டு, வயலெல்லாம் நனைந்தால், எந்த வருஷமும் ஆடியில் ஊறுகிற கிணறுதான் அது. ஆனால் பவானி போனதும் ஆடியில்தான். "அவ போனா, தண்ணி வந்துச்சு. இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்று உன் அம்மா என்னிடமே கேட்டார்.

போன வாரம் பூண்டு வாங்குகிற சாக்கில் வடுகபட்டி போனேன். பவானி தெருக்குழாயிலிருந்து குடத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் நிறைந்த கிணறு இருக்கிறது. அதன் பக்கமே போவதில்லை என்று அவள் அம்மா அழுதார். நான் பாறை, விரிசல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பெரியவர் சொல்கிறாரே என்று தலையாட்டிக் கேட்டாள். பிறகு, "அங்கன வத்துனது போதும், சின்ன மாமா. இங்கயும் வத்திருச்சுன்னா எங்கப்பா எங்க போவாரு?" என்றாள். அவளே நம்பிவிட்டாள், பாண்டியராஜா. கிளம்பும்போது உன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுக இருக்கிற எடத்துல குடிக்கத் தண்ணி கெடைக்குதாமா?" நீ அவளுடைய கடிதம் எதற்கும் பதில் போடவில்லை என்று அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

கிணற்றில் எனக்கு வரவேண்டிய தண்ணீர் முறையை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வழக்கை நான் உயிரோடு இருக்கும்வரை நடத்துவேன், உன் அப்பாவோடும், தேவைப்பட்டால் உன்னோடும். அது வேறு. நான் சொல்லி அவள் நம்பவில்லை. தாலி கட்டியவன் சொன்னால் நம்புவாள். "கிணறு இறங்கியது உன்னால் இல்லை" என்று உன் கையால் அவளுக்கு எழுது. அங்கே நீ பார்த்ததை எழுது. லீவு கிடைத்ததும் திண்டுக்கல்லில் ரயிலை விட்டு இறங்கினால், நம் ஊருக்கு முன்னால் வடுகபட்டிதான் வரும். முதலில் அங்கே போ. சுருளிப்பட்டிக்கு அவளோடு வா, இல்லையென்றால் வராதே.

இதன் கீழே என் பெயரைப் போட்டால், இது சித்தப்பனின் கிணற்றுச் சண்டையாகிவிடும். உன் அம்மா அப்படித்தான் சொல்வார், நீயும் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றில் நான் ஜெயித்ததாக இருக்க வேண்டாம். யார் எழுதியது என்று அவர் கேட்டால், பெயரில்லாத கடிதம் என்று சொல். பொய்யாகாது. அந்தப் பிள்ளையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.