நீல கவரில் இருந்த பிசின்

வெள்ளிமலை
3.6.2024

அடி சந்தியா,

நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. போன வாரம் போன் செய்தேன். நீ "சொல்லுடி" என்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால்தான் கடிதம்.

எங்கள் மகளிர் குழு அனுப்பிய குங்கிலியம் முழுவதையும் சென்னை சாம்பிராணி கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. கலப்படமாம். கொளஞ்சியம்மாள் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள்: "நானே மரத்தக் கொத்தி எடுத்த பிசினு. இதுல இன்னாத்தக் கலக்கறது? நீதான எங்கள குழுவுல சேத்த, நீயே பதில் சொல்லு."

மூன்று பொட்டலம் அனுப்புகிறேன். உன் ஆய்வுக்கூடத்தில் பார்த்து, எந்த மரத்துப் பிசின் என்று எழுதிக் கொடு. காலேஜில் ஒரு ரெக்கார்டு நோட்டாவது எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாயா? இதையாவது செய்.

உன் மலர்விழி


சென்னை
19.6.2024

அன்புள்ள மலர்,

பொட்டலத்தைப் பிரித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். எது எங்கே எடுத்தது என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

இரண்டு பொட்டலம் சுத்தமான குங்கிலியம். நீல கவரில் இருந்ததில் பாதிக்குப் பாதி பைன் மரப் பிசின். பொடித்துக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். பைன் பிசினில் அபியடிக் அமிலம் உண்டு, குங்கிலியத்தில் அது கிடையாது. உங்கள் மலையில் பைன் காடா இருக்கிறது? யாரோ கடையில் வாங்கிக் கொட்டியிருக்கிறார்கள். உங்கள் பெண்களில் யாராவது என்றால் மறைக்காமல் சொல். கோபித்துக்கொள்ளாதே.

சந்தியா


வெள்ளிமலை
27.6.2024

சந்தியா,

கோபித்துக்கொள்ளாதேயாம்!

சுத்தமானவை இரண்டும் கொளஞ்சியம்மாள் வீட்டிலும் பூமாலை வீட்டிலும் நானே எடுத்தவை. நீல கவர், திரும்பி வந்த மூட்டையில் எடுத்தது. மலையிலிருந்து இறங்கும் மூட்டை கள்ளக்குறிச்சியில் ஒரே ஒரு கிடங்கில்தான் தங்குகிறது. உன் அண்ணன் வெற்றிவேலின் கிடங்கு.

நேரில் போய்க் கேட்டேன். "மலையில கீறவளுங்க கலந்திருப்பாளுங்க. என்னாண்ட வந்து ஏன் கேக்கற?" என்றார். கம்பெனியிலும் அப்படியே சொல்லியிருக்கிறார். இனி இந்தப் பெண்களிடம் யார் வாங்குவார்கள்?

உன்னால் எழுத முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு. வேறு ஆய்வுக்கூடம் தேடிக்கொள்கிறேன்.

மலர்விழி


சென்னை
15.7.2024

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். பிறகு அண்ணனைத் திட்டினேன்.

நீ எடுத்து அனுப்பிய பொட்டலத்தை மட்டும் வைத்து எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் கம்பெனி ஆட்களையே கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். தங்கச்சி வந்திருக்கிறாள் என்று அண்ணன் டீ வாங்கிவரச் சொன்னான். உங்கள் மூட்டைகளுக்குப் பின்னால் பைன் பிசின் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்தேன். "நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்றான். டீயைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீல கவரில் இருந்ததும் அவன் கிடங்கில் இருந்ததும் ஒரே பைன் பிசின். கம்பெனி இனி உங்களிடமே நேராக வந்து எடுத்துக்கொள்ளும். கொளஞ்சியம்மாளிடம் சொல்.

ஆவணியில் அண்ணன் மகள் எழில்மதிக்குக் காதுகுத்து. இங்கே பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்திக்குப் பத்திரிகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சித்தி அதை என்னிடமே காட்டி, தேதியைப் படிக்கச் சொன்னாள்.

அன்றைக்கு என்னால் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. மலைக்கு வருகிறேன். ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்காதே, சோறு போடு.

உன் சந்தியா