பெய்ஷென் வீட்டுக்கு மட்டும் வரும் டாக்டர்

ஆத்பாஷி, ஜூன் 4

டாக்டரம்மா அனார்குல் அவர்களுக்கு,

கால்முராத் எழுதுவது. உங்கள் குழந்தைகள் சுகமாக இருக்கட்டும். என் சுகத்தை நீங்கள் கேட்பதில்லை என்பதால் நானும் சொல்லப்போவதில்லை.

போன வாரம் ஒரு ஜாடி குதிரைப்பால் புளிக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். "இப்பல்லாம் எதுவும் வாங்கக் கூடாது பெரியப்பா, சட்டம்" என்று எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்தீர்கள். பத்து நிமிடம் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசி அனுப்பிவிட்டீர்கள். அதே வாரம் பக்கத்து மேட்டு வீட்டுப் பெய்ஷெனிடம் போயிருக்கிறீர்கள். விருந்தில் மரியாதைக்குரிய பெண்களுக்கு வைக்கும் ஆட்டு வாலடிக் கறித்துண்டு உங்கள் தட்டில் விழுந்ததாம். அவன் மருமகள் கடையில் வைத்துக் கேட்கிறாள்: "எங்க டாக்டரம்மா வாரம் ரெண்டு தடவை வர்றாங்க. நீங்க இன்னும் வரிசையிலதான் நிக்கிறீங்களா?"

எங்க டாக்டரம்மாவாம்! அவனுக்கு அப்படி என்ன வியாதி? முந்தைய டாக்டர் என்றால் தேநீர் குடித்துக்கொண்டே சொல்லியிருப்பார். நானும் வைத்தியப் புத்தகங்கள் படித்தவன்தான். நீங்கள் என் வீட்டுக்கு வரும்வரை ரத்த அழுத்த மாத்திரையைத் தொடமாட்டேன்.

கால்முராத்

ஜூன் 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சண்டை என்னோடு போடுங்கள், மாத்திரையோடு வேண்டாம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கும்.

வாலடித் துண்டைச் சாப்பிட்டது உண்மை. அந்த வீட்டில் மறுக்க வாய் வரவில்லை. ஆனால் ஒருவரின் வியாதியை இன்னொருவரிடம் சொல்லமாட்டேன். "அந்தக் கிழவனுக்கு என்ன?" என்று உங்களைப் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில்தான். யாருடைய வீட்டுக்கு நான் போக வேண்டும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்தாமலே இருக்கட்டும்.

அனார்குல்

ஜூன் 15

டாக்டரம்மாவுக்கு,

என்னைப் பற்றிக் கேட்டது அந்தப் பெய்ஷென்தானே? அதைப் படித்து சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று அவன் வீட்டுக்கே போனேன்.

சுவரோரம் படுத்திருந்தான், எழ முடியவில்லை. மருமகள் கரண்டியால் ஊட்டினாள். கடையில் பேசிய அந்த வாய் அவளிடம் இல்லை.

"எப்படிடா வந்தே?" என்றான்.

"நடந்துதான்."

"இந்த மேட்டை ஏறியா?"

"ஆமா."

அதன்பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் நான் அவன் வாசலைப் பார்த்த அதே பார்வை.

மாத்திரை போட்டுக்கொள்கிறேன், நீங்கள் சொன்னதற்காக அல்ல. செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்பேன். என் வீட்டுக்கு நீங்கள் வரவே வேண்டாம்.

கால்முராத்