துருத் தகட்டில் நீ விட்ட இடைவெளி

இன்று காலை ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தம்ளரில் வெயில் விழுந்து, உட்புறமெங்கும் குமிழ்கள் ஒட்டியிருந்தன. என்னால் சும்மா இருக்க முடியுமா? விரலால் சுண்டினேன். உடனே காதுக்குள் உன் குரல்: "தட்டாத, ஏட்டி! தானாப் போணும்."

நாகர்கோவிலில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரே மேசையைப் பங்குபோட்ட வருடங்களில் தினமும் கேட்ட குரல். வெயிலைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது நம் ஆராய்ச்சி. அதற்காகக் கண்ணாடித் தகட்டில் இரும்புத் துரு பூசி மின்முனை செய்தோம். தடிமனாகப் பூசினால் உள்ளே பிறக்கும் மின்னூட்டம் தண்ணீரைத் தொடுமுன் வீணாகிவிடும்; மெலிதாகப் பூசினால் வெயில் ஊடுருவிப் போய்விடும். அதனால் துருவைக் கண்ணுக்குத் தெரியாத குச்சிகளாக வளர்த்தோம். வெயில் குச்சியின் நீளத்தில் இறங்கும், மின்னூட்டம் பக்கவாட்டில் சட்டென்று தண்ணீருக்கு வந்துவிடும். நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லதென்று நான் வளர்த்துத் தள்ளினேன். தண்ணீர் பிளந்து வரும் வாயுக் குமிழ்கள் இடுக்கில் சிக்கித் தண்ணீரை மறிக்க, மின்னோட்டம் விழுந்தது. பாத்திரத்தைத் தட்டினால் குமிழ்கள் கழன்று மின்னோட்டம் ஏறிவிடும். தட்டிவிட்டு அளவெடுத்தால் என்ன என்பது என் கட்சி.

நீயோ குளச்சல் கடற்கரையில், அப்பாவின் வலையைப் பழுதுபார்த்து வளர்ந்தவள். "கண்ணி நெருங்குனா வலைக்குள்ள வெள்ளம் ஓடாது, கேட்டியா? கொஞ்சம் எடம் விடு" என்றாய். தண்ணீரை நீ வெள்ளம் என்றுதான் சொல்வாய்.

"எடம் விட்டா குச்சி கொறையும், கரண்டும் கொறையும்" என்று மல்லுக்கு நின்றேன்.

"ஒனக்குப் பொறுதியே கெடையாது மக்கா" என்று சிரித்துவிட்டு, நீ பாட்டுக்கு ஒரு தகட்டில் இடம்விட்டுக் குச்சிகளை வளர்த்தாய். அதை உலையில் சுட்டு எடுத்த கையோடு காய்ச்சலில் படுத்தவள், எழவேயில்லை.

உன் அடக்கம் முடிந்து வெகுநாள் அந்தத் தகட்டை நான் தொடவில்லை. நீ நினைத்தது தப்பென்று அது சொல்லிவிட்டால்? பதிலுக்குச் சண்டை போட நீயும் இல்லையே. பயமும் கோபமுமாக அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எடுத்துத் தண்ணீரில் இறக்கி, வெயிலுக்குப் பதிலாக வைக்கும் விளக்கைப் போட்டேன். தட்டிவிடாதபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். குமிழ்கள் பொடிப்பொடியாகப் பிறந்து, தாமாகவே கழன்று மேலே போயின. மின்னோட்டம் விழவில்லை.

"பாத்தியாட்டி!" என்று கத்திக்கொண்டே இடப்பக்கம் உன் நாற்காலியை நோக்கித் திரும்பினேன்.

இப்போது வேறு ஊர், வேறு ஆய்வுக்கூடம். ஆனாலும் எது சரியாக வந்தாலும் முதலில் இடப்பக்கம்தான் திரும்புகிறேன். நீ போன சேதி என் கழுத்துக்கு இன்னும் எட்டவில்லை.