சிவப்பு வண்டிக்குப் புதுச் செருப்பு

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலத்துக்கும் ஒரு படி மேலே, உன் சிவப்பு வண்டியும் நான்கு கால்களோடு சுகமாக வாசலில் நிற்கிறது. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் அப்படி ஆகிவிடு. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், உன் அம்மாதான் வேண்டாம் என்றாள். "நீங்க போன்ல சொன்னா பாதியில சிரிச்சுச் சிரிச்சு முக்கியமானதை முழுங்கிடுவீங்க, ஒழுங்கா உக்காந்து எழுதுங்க" என்று உத்தரவு. அதனால் மதியம் நம் செருப்புக் கடையின் கதவைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளர்கள் காலை நீட்டும் அந்தச் சின்ன ஸ்டூலில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் ஸ்டூலைத் திட்டு.

முதலில் செய்தி. உன் வண்டியை மாமாவுக்குக் கொடுக்கவில்லை, இனி கொடுக்கவும் மாட்டோம். போன மாதம் நீ போனில், மாமா கேட்டால் கொடுத்துவிடுங்கள், சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்றாய், அம்மா "ம்" என்றாள். அந்த "ம்" என்னவென்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் அதோடு குடும்பம் நடத்துகிறவன். வண்டி சும்மா நிற்கவே இல்லை கண்ணு. டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அவள் அதை எடுத்துவிட்டாள், தினமும் காலையில் காய்கறி வாங்கப் போவாள், வரும்போது பக்கத்து சீட்டில் முட்டைக்கோஸுக்கு பெல்ட் போட்டுக் கூட்டி வருவாள். உன் மாமாவுக்கு நம் வண்டி எதற்கு என்று யோசித்தாயா? அவரிடம் இதே மாதிரி வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, பாகம் கிடைக்கவில்லையாம், நம்முடையதைப் பிரித்து அதற்குப் போடப் போகிறாராம். "உறுப்பு தானம்னு நெனச்சுக்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அம்மா மறுபடியும் "ம்" என்றாள். மாமா அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. "உனக்கு எதுக்குக்கா ஸ்போர்ட்ஸ் கார், வாழ்க்கை முழுக்க பக்கத்து சீட்ல உக்காந்து பிரேக் மிதிச்ச ஆளு நீ, உனக்கு நிறுத்தத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். நான் மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் பந்தயம் பேசி முடிந்திருந்தது. கார் கிளப்காரர்கள் ரேஸ் டிராக்கை ஒரு நாள் எடுத்து நடத்துகிறார்கள், காலையில் எல்லோருக்கும் பழக நேரம் கொடுப்பார்கள், பிறகு ஒவ்வொரு வண்டியாகத் தனியே விடுவார்கள், சூடேற்ற ஒரு ரவுண்டு, நேரக் கணக்குக்கு மூன்று ரவுண்டு. அம்மா முந்தினால் வண்டி நம் வீட்டில், மாமா முந்தினால் வண்டி அவர் ஷெட்டில் அக்கு அக்காக.

பழைய டயர் அந்த வேகத்துக்குத் தாங்காது என்று டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று டயர்களை வரிசையாக நிறுத்தினார். ஒன்று ரோட்டுக்கானது, சாது, பல நாள் உழைக்கும், ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் முட்டி மடங்கிவிடும். இன்னொன்று டிராக்குக்கென்றே பிறந்தது, கிட்டத்தட்ட மொழுமொழுவென்று இருக்கிறது, சூடேறிவிட்டால் பசை போட்ட மாதிரி தரையைப் பிடிக்கும், சூடேறும் வரை வெறும் கட்டை, மழைத் தண்ணீரைக் கண்டால் காலைத் தூக்கிக்கொண்டு விழும். நடுவில் நின்றது இரண்டுக்கும் பொது, ரப்பர் மென்மை, ஓரம் விறைப்பு, தண்ணீர் வெளியேற ஆழமான பள்ளங்கள், என்ன, கொஞ்சம் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும். மாமா டிராக் டயர் போட்டிருக்கிறார் என்று தெரிந்து நானும் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன், எதிராளி ஸ்பைக் ஷூ மாட்டிக்கொண்டு வரும்போது என் பெண்டாட்டி மட்டும் வீட்டுச் செருப்போடு போவதா என்று கடைக்காரரிடமே கேட்டேன். அம்மா மூன்றையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நடுவிலிருந்ததைத் தட்டினாள். "மூணே ரவுண்டு. அந்த டயர் தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கறதுக்குள்ள கொடி காட்டிடுவாங்க. இது ரெண்டாவது திருப்பத்துலயே முழிச்சுக்கும். அதோட எனக்கு ஜெயிக்கவும் வேணும், அதே வண்டியில வீடு வந்து சேரவும் வேணும்" என்றாள். அதற்குப் பிறகு கடைக்காரர் எதையும் என்னிடம் கேட்கவில்லை. புது ரப்பர் மேலே ஒரு வழுவழுப்பு இருக்கும், கொஞ்ச தூரம் பொறுமையாக ஓட்டினால் போய்விடும் என்று அவர் சொன்னாராம், அது மட்டும் என் காதில் ஏறவில்லை. அவர் போட்டிருந்த ஷூ அவர் காலுக்கு ஒரு அளவு சின்னது, அந்தக் கவலையில் இருந்தேன்.

இப்போது நீ கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு ஜோடி வெளியே போகிறதென்றால் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடாமல் கொடுக்க மாட்டேன். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், வாசலில் வண்டியின் நான்கு புது டயர்களும் மங்கலாக நின்றன, எனக்கு மனசு கேட்கவில்லை. கடையிலிருந்து நல்ல கருப்பு கிரீமை எடுத்து வந்து பக்கமெல்லாம் தேய்த்தேன், அங்கே பளபளத்ததும் தரையில் படுகிற இடம் மட்டும் அழுக்காக இருப்பதா என்று அதற்கும் தேய்த்தேன், பள்ளத்துக்குள் பிரஷ் விட்டு, துணியால் மெருகேற்றி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி ஒரு இடம் பாக்கி விடவில்லை. காலையில் கிளம்பினோம். முதல் திருப்பத்திலேயே வண்டியின் பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டியது. அம்மா கண்ணாடியில் ஒரு தரம் பின்னால் பார்த்தாள். ஓரமாக நிறுத்தி இறங்கினாள், டயரைத் தொட்டாள், விரலை முகர்ந்தாள், "ஏங்க, வண்டியில நம்ம கடை வாசனை வருது" என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன். பெட்ரோல் பங்க்கில் பக்கெட் தண்ணீரும் சோப்பும் கேட்டு வாங்கி, தரையில் மண்டியிட்டு நான்கு டயரையும் கழுவினேன், ஊரில் உள்ளவர்கள் காலடியில் உட்கார்ந்தே பிழைத்தவன் என்பதால் முட்டி ஒத்துழைத்தது. ஆனால் பழகுகிற நேரம் போயே போய்விட்டது. மீதி வழியெல்லாம் அம்மா பொறுமையாக, லேசாக அப்படியும் இப்படியும் வளைத்து ஓட்டி ரப்பரைப் பதப்படுத்திக்கொண்டே வந்தாள். போய்ச் சேர்ந்ததும் மாமா என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன அத்தான், முட்டி ரெண்டும் நனஞ்சிருக்கு, அக்கா இப்பவே மன்னிப்புக் கேக்க வச்சிட்டாளா" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை கண்ணு. அந்த டிராக்கில் ஒரு ரவுண்டுகூட ஓட்டிப் பார்க்காமல் அவள் இறங்க வேண்டும், அதற்குக் காரணம் என் பாலிஷ். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று காதோடு கேட்டேன். "உங்களுக்கு டீ வேணும்னா போய்க் குடிங்க" என்றாள்.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் அனுமதி கேட்டு அந்த டிராக் முழுவதையும் நடந்தே ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நின்று, வலது காலைத் தரையில் ஒரு அழுத்து அழுத்திவிட்டு நகர்ந்தாள், நீ கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பாளே, அதே அழுத்து. நடந்து வந்ததும் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள், ஓட ஓடச் சூட்டில் காற்று விரியும், அதற்கு இடம் விட வேண்டுமாம். இது எனக்கு உடனே புரிந்துவிட்டது, காலையில் சரியாக இருக்கிற ஷூ சாயங்காலம் கால் வீங்கிக் கடிக்கும் இல்லையா, அதேதான். கார் விஷயத்தில் என் வாழ்நாளில் எனக்குப் புரிந்த முதல் சங்கதி இது, சந்தோஷத்தில் ஒரு டயரில் அதிகமாகவே இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றினேன்.

மாமா முதலில் போனார். மேகம் மூடிக் குளிர்ந்து கிடந்தது. கணக்குக்கு வந்த முதல் ரவுண்டில் அவர் டயர் ஒரு வளைவிலும் பிடி கொடுக்கவில்லை, வண்டி வழுக்கி வழுக்கித் திரும்பியது, இரண்டாவதில் கொஞ்சம் தேவலை, மூன்றாவதில் டயர் விழித்துக்கொண்டது, உள்ளதைச் சொல்ல வேண்டும், பிரமாதமாக வந்தார். கடைசி வளைவில் அந்தத் தெம்பில் பிரேக்கைத் தாமதமாகப் போட்டு, ஓரப் புல்லை மேய்ந்துவிட்டு வந்து சேர்ந்தார். இன்னும் ரெண்டு ரவுண்டு கொடுத்திருந்தால் பார்த்திருப்பீர்கள் என்றார், அதுவும் நிஜம்தான். அடுத்து அம்மா. கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், டிராக்குக்குள் நுழையும்போது இண்டிகேட்டர் போட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நடந்து பார்த்து வைத்த இடம் ஒவ்வொன்றிலும் பிரேக் விளக்கு எரிந்தது, எந்த ரவுண்டிலும் இடம் மாறவில்லை, டயர் கத்தவும் இல்லை, முனகிக்கொண்டே தரையைப் பிடித்து வளைத்துக் கொடுத்தது. நான் தகரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த நான்கு டயரிலும் ஒரு பொட்டு கிரீம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால் என் கதி என்ன என்று நின்றேன். மைக்கில் சொன்னார்கள், கண் சிமிட்டுகிற நேரம்தான் வித்தியாசம், சிவப்பு வண்டி முன்னால். நான் குதித்த குதியில் நனைந்த முட்டி என்ன ஆயிற்று என்று மறுநாள்தான் தெரிந்தது. மாமா நேராகப் போய்க் கையைக் கொடுத்தார், அந்தப் பெருந்தன்மை அவரிடம் உண்டு. அம்மா கையைப் பிடித்துக்கொண்டே, "நிறுத்தத்தான் தெரியும்னு சொன்னியே, எங்க நிறுத்தணும்னு உனக்குத் தெரியலையேடா" என்றாள். நான் கிட்டே போனபோது அவள் வண்டியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "எத்தன வருஷம் அடுத்தவங்க வண்டிய நிறுத்திக்கிட்டே இருந்தேன், இன்னிக்கு ஒருத்தரும் என்னை நிறுத்தலைங்க" என்றாள். நான் பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் நீ நினைப்பாய், நான் கைக்குட்டையால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நேரத்துக்கு மழை கொட்டியது. அந்த மொழுமொழு டயரை வைத்துக்கொண்டு ஈர ரோட்டில் இறங்க மாமாவுக்குத் தைரியம் இல்லை, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நம் வண்டியில் ஏறிக்கொண்டார். நம் வண்டியில் இருப்பது இரண்டே சீட். ஆகவே வெற்றி பெற்ற அணியின் ஒரே உதவியாளரான நான் ஈரக் கால்சட்டையோடு பஸ்ஸில் வீடு வந்தேன். வழியெல்லாம் உன் மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாராம், வீட்டு வாசலில் இறங்கும்போது பாகம் எதுவும் வேண்டாம், அந்த டயர் எங்கே வாங்கினாய் அக்கா என்று மட்டும் கேட்டாராம். இப்போது ஞாயிறு தோறும் காலையில் வந்து அம்மாவிடம் பாடம் கேட்கிறார். கிளப்பில் என் பெயர் பாலிஷ் சார், நான் அதை மறுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் காருக்கு அங்கே குளிர் காலத்து டயர் மாற்றிவிட்டாயா, காற்றைப் பார்த்தாயா, மறக்காமல் பதில் எழுது, அதோடு உன் கால் அளவு அதேதானா என்றும் எழுது, ஒரு ஜோடி எடுத்து வைத்திருக்கிறேன். வண்டி இன்றும் என்றும் உன்னுடையதுதான், ஆனால் சாவியைக் கேட்டு வாங்குவது உன் சாமர்த்தியம். அம்மா ஓட்டுகிற ஓட்டத்துக்கு இந்த டயர் நீண்ட நாள் தாங்காது, அது தேய்வதற்குள் ஒரு முறை வந்துவிட்டுப் போ. வரும்போது அவளே ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார். கீழே ரப்பர் கால்மிதியில் மாமா மிதித்து மிதித்து விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது, காலை அதில் வைத்துக்கொள், பயம் தெரியாது.

நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நினைத்த இடத்துக்கு வழுக்காமல் போய்ச் சேர வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அன்புள்ள,
பாலிஷ் அப்பா