குளிரில் வந்த வெள்ளைப் புகை

ஜனவரி 6, செவ்வாய்

சரியான பனி. செட்டிகுளத்தில் இப்படிக் குளிர்ந்து கனகாலம். தடிமன் வேறு, மூக்கு ஒழுகுகிறது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

என் கணவர் இறந்த பிறகு பற்றறி இறங்காமலிருக்க இடைக்கிடை காரை ஸ்ரார்ட் பண்ணி விடுவது என் வேலை. இன்று பின்குழாயால் வெள்ளை வெளேரென்று புகை. பயந்து நிறுத்திவிட்டேன். கராஜ் தம்பிக்குப் போன்.

“அது புகையில்லை அக்கா, நீராவி. குளிருக்கு வாறது. சூடேற விடுங்கோ, நிண்டிடும்.”

மறுபடி ஸ்ரார்ட் பண்ணினேன். சொன்னபடியே நின்றது. ஆனாலும் உடனே நிறுத்த மனமில்லை. வீட்டு வளவில் ஒரு சத்தமாவது இருக்கட்டும்.

இன்று என்னோடு கதைத்தது அந்தத் தம்பி மட்டும்.

ஜனவரி 8, வியாழன்

இவருடைய அண்ணர் போன் எடுத்தார். சனி காலை கார் பார்க்க ஆள் கூட்டி வருகிறாராம். தனிப் பொம்பிளைக்குக் கார் என்னத்துக்கு என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

சவர்க்காரம், தேங்காயெண்ணெய் முடிந்துவிட்டது.

ஜனவரி 10, சனி

விடியவே வந்தார்கள். பனி விலகவில்லை. ஸ்ரார்ட் பண்ண அதே வெள்ளை. வாங்க வந்தவர் குனிந்து பார்த்து, எஞ்சின் முடிஞ்சுது என்றார். அண்ணரிடம்தான் சொன்னார், என்னிடமில்லை. நீராவிதான், கொஞ்சம் பொறுங்கோ என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். தேத்தண்ணி போடச் சொல்லி அண்ணர் என்னை உள்ளே அனுப்பினார்.

தேத்தண்ணியோடு வரும்போது குழாயில் ஒன்றுமில்லை. பாருங்கோ என்றேன். யாரும் திரும்பவில்லை. பாகங்களைக் கழற்றி விற்றால்தான் ஏதும் தேறுமென்று வாங்க வந்தவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் காரை விக்க மாட்டன்.”

தேத்தண்ணித் தட்டைத் திண்ணையில் வைத்தேன்.

“இனி ஒண்டுக்கும் என்னைக் கூப்பிடாதை” என்றார் அண்ணர். குடிக்காமலே போய்விட்டார்கள்.

என்னுடையதைக் குடித்தேன். மற்ற இரண்டையும் வாழையடியில் ஊற்றினேன்.

ஜனவரி 12, திங்கள்

நேற்று முழுக்க வாய் திறக்கவில்லை. போனும் அடிக்கவில்லை.

லைசன்ஸ் எடுத்துப் பல வருசம். பக்கத்தில் இவர் இல்லாமல் ஓட்டியதில்லை. காலையில் வாசல் படலையைத் திறந்தேன். இரண்டு தரம் எஞ்சின் நின்றது. பிறகு வெளிக்கிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒழுங்கைப் பாதை முழுக்க வெள்ளை. குளக்கட்டு வரை போனேன். ஒரு மாட்டுக்காக நிறுத்தினேன், ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வழி விட்டேன். வேறொன்றும் நடக்கவில்லை.

குளக்கட்டடியில் நிறுத்திப் போனைக் கையில் எடுத்தேன். யாருக்குச் சொல்லலாம்? ஒரு பெயரும் வரவில்லை. கொஞ்சம் அழுதேன். காரைத் திருப்பினேன்.

வழியில் பார்வதி அக்கா. பக்கத்து வளவு, மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம். இவருடைய செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை. மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்களா ஓட்டிக்கிட்டு வாறீங்க?”

“ஓம்.”

“நானும் ஏறவா?”

கதவைத் திறந்தேன். மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டு, சேற்றுச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். எங்கே போகிறோம் என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி போங்க என்றார்.