தேயாத முன் பிரேக்

மெக்கானிக் பாய், கழற்றிய பழைய சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார். புதிதாக மாற்றியதற்கு அதுதான் அத்தாட்சியாம். ஒரு வாரமாக அலமாரிக்குக் கீழே கிடந்த பொட்டலத்தை இன்று காலைதான் பிரித்தேன். துருவும் பழைய கிரீஸும் கலந்த வாசனை. உள்ளே பிறை மாதிரி வளைந்த இரண்டு இரும்புத் துண்டுகள், உங்கள் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் கட்டைகள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புடவை கறையாகும். ஆகட்டும்.

பயமாக இருக்கிறதுங்க. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நம் பெண் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு விடிகாலை ஐந்து மணிக்கு ஹம்பிக்குக் கிளம்பிவிட்டாள். ஓய்வு பெற்றதும் நாம் இரண்டு பேரும் போவதாக இருந்த அதே ஹம்பிதான். இப்போது மணி ஏழு. தொட்டியம் தாண்டி நாமக்கல் பக்கம் போய்க்கொண்டிருப்பாள். வண்டி ஓட்டும்போது ஃபோனை எடுக்காதே என்று அவளிடம் சொன்னதும் நான்தான், ஒரு ஃபோன் வரவில்லையே என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பதும் நான்தான். என் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் போன பிறகு இரண்டு வருடம் வண்டி மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. விற்றுத் தொலை என்றார் என் அண்ணன். எனக்கும் அது கண்ணில் படக் கூடாது, ஆனால் விற்கவும் மனம் வரவில்லை. போன மாதம் பாப்பா தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, இதை நான் ஓட்டப் போகிறேன் என்றாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அவள் அசையவில்லை. இருபத்தாறு வயதாகிறது, சம்பாதிக்கிறாள், அடித்தா நிறுத்த முடியும்? கடைசியில், பிரேக்கை மாற்றாமல் வண்டி வாசற்படி தாண்டக் கூடாது என்றேன். அவளும் அதைத்தான் சொல்ல வந்தாளாம்.

காட்டூரில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். முன் ஃபோர்க் வளைந்திருக்கிறது, அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அதோடு சேர்த்து அந்தக் காலத்து டிரம் பிரேக்கையும் எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம் என்றார். பேசிக்கொண்டே முன் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் சிரித்தார். அவருக்கு நம் கதை எதுவும் தெரியாது.

“வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கு, பிரேக் லைனிங் மட்டும் புதுசாட்டம் இருக்கு பாருங்க. இத ஓட்டினவரு முன் பிரேக்கத் தொட்டதே இல்லம்மா.”

நம் ஊர் ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான் என்றார். முன்னால் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும் என்று சைக்கிள் காலத்திலிருந்து ஒரு பயமாம். அவசரத்துக்குப் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் இறுகிப்போய் இழுத்துக்கொண்டே போகும், வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான் என்று விளக்கினார். இதில் முன்னால் பிடித்திருந்தால் இவ்வளவு அடி விழுந்திருக்காது என்று வளைந்த ஃபோர்க்கைத் தட்டிக் காட்டினார். பாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொள்ளிடம் பாலத்து இறக்கத்தில் விழுந்தோமே, அது நினைவிருக்கிறதா? பாப்பா வயிற்றில் ஐந்து மாதம். மழை விட்டிருந்தது, ஓரமெல்லாம் மணல். ஒரு ஆடு குறுக்கே வந்தது, நீங்கள் முன் பிரேக்கைப் பிடித்தீர்கள், மறு நிமிடம் நான் தரையில் கிடந்தேன். முழங்கை சிராய்ப்போடு போனது. ஆனால் டாக்டரம்மா குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்றே எனக்குத் தெரியாது. தப்பு மணலில் பிடித்ததில்தான், பிரேக்கில் இல்லை என்று நீங்கள் பௌதிக வாத்தியார் பாணியில் பாடம் எடுத்தீர்கள். வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன்னால் வந்து விழும், அதனால் முன் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு அதிகம் என்று காகிதத்தில் அம்புக்குறி எல்லாம் போட்டீர்கள். நான் அந்தக் காகிதத்தில் வெங்காயத் தோலை மடித்துக் குப்பையில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், உங்கள் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்தேன்.

“இனிமே முன் பிரேக்கத் தொடமாட்டேன்னு இந்தப் புள்ள மேல சத்தியம் பண்ணுங்க.”

பின்னால் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தீர்கள். பெண்டாட்டி வாயை அடைக்கச் செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு வேளாங்கண்ணி, கொல்லிமலை, தனுஷ்கோடி என்று எத்தனையோ ஊர் போனோம், உங்கள் விரல் ஒரு தடவைகூட அந்தப் பிரேக் பக்கம் போகவில்லை. போகிறதா என்று நான் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன். பெரிய போலீஸ்காரி!

அன்றைக்கு நீங்கள் பெரம்பலூரில் விடைத்தாள் திருத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். சமயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டைக் கடக்க, முன்னே போன வேன் சட்டென்று நின்றது. மூன்றாம் நாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டில் ஒரே ஒரு கறுப்புக் கோடு இருந்தது, உங்கள் பின் டயர் இழுத்துக்கொண்டு போன கோடு. அதன் மேலேயே நடந்து பார்த்தேன். என் காலடிக்கு முப்பத்திரண்டு அடி வைத்தும் கோடு முடியவில்லை, அதற்கு மேல் நடக்க என்னால் ஆகவில்லை. வேன்காரனை வாயில் வந்தபடி ஏசினேன். காட்டூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கோடு யாரைக் காட்டியது என்று எனக்குப் புரிந்தது.

டிஸ்க் பிரேக் போட்டு முடித்ததும் பாய் ஒரு வேலை சொன்னார். புதுப் பிரேக் பிடிமானத்துக்கு வர வேண்டும், ஆளில்லாத ரோட்டில் வேகம் எடுப்பதும் முன் பிரேக்கைப் பிடிப்பதுமாக முப்பது தடவையாவது செய்ய வேண்டும், பின்னால் ஒரு ஆள் பாரமும் இருந்தால் மூட்டை முடிச்சோடு போகும்போது எப்படி நிற்கும் என்று தெரிந்துவிடும். அந்தப் பாரம் நான்தான், வேறு யாரை அனுப்புவேன்? போன ஞாயிறு காலை திருவெள்ளறை ரோட்டுக்குப் போனோம். இரண்டு பக்கமும் வயல், ஒரு ஈ காக்காய் இல்லை. முதல் தடவை அவள் பிடித்ததும் வண்டி மூக்கைக் கவிழ்த்தது, நான் அவள் முதுகில் போய் முட்டினேன். வாயில் மாரியாத்தா என்று வந்ததே தவிர வேறு எதுவும் வரவில்லை. மூன்றாவது தடவையோடு நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

கீழே விழுவோமோ என்ற பயமில்லைங்க அது. எந்தப் பிள்ளை தலையில் சத்தியத்தை வைத்தேனோ, அந்தப் பிள்ளையே அதை முறித்துக்கொண்டிருக்கிறாள். சத்தியத்தைக் காப்பாற்றிய உங்களைப் பறிகொடுத்தேன். முறித்தால் இவளையும் கொடுக்க வேண்டுமா? பிரேக்கைப் பிடிக்காதே என்று சொன்னாலும் சாவு, பிடி என்று சொன்னாலும் எனக்குக் குலை நடுங்கியது. ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அப்பாவைக் கொன்றது நான்தான் என்பது வரைக்கும்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். எனக்குத் தெரியும்மா என்றாள். கல்லூரி சேர்ந்த வருடம் அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்களே, முன் பிரேக் பிடிக்கத்தான் முதலில் பழக்கினீர்களாமே. நீங்கள் மட்டும் ஏன் பிடிப்பதில்லை என்று அவள் அப்போதே கேட்டாளாம். நீங்கள் சொன்ன பதிலை உங்கள் குரலிலேயே சொன்னாள்.

“உங்கம்மா உன் மேல சத்தியம் வாங்கியிருக்கா. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா உன்ன வச்சு அதப் பரிசோதன பண்ணிப் பாக்க மாட்டேன்.”

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். வாத்தியாராம் வாத்தியார்! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்த மனிதர், என்னைப் போலவே உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு பேரும் கோயிலுக்குப் போய், தெரியாமல் கேட்டுவிட்டோம் தாயே என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்போமே. பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்திருந்தோம். அன்றைக்கு மீதி இருபத்தேழு தடவையும் நான் பின்னால் உட்கார்ந்துதான் வந்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

நேற்று தனியாகப் பஸ் ஏறிச் சமயபுரம் போனேன். நீங்கள் போன பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை. அம்மன் முன்னால் நின்றதும் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. என் பிள்ளை தலையில் நான் ஏற்றியதை இறக்கிவிடு, இறக்கியதை என் தலையில் வை, அவள் எத்தனை தடவை பிடித்தாலும் பாவம் என்னோடு போகட்டும் என்று மட்டும் சொன்னேன். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று முன்பெல்லாம் நினைத்திருப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மணி ஏழரை ஆகிறது, ஃபோன் இன்னும் வரவில்லை. உங்கள் சத்தியம் என் தலையில்தான் இருக்கிறது, சாகிற வரைக்கும் நானே வைத்துக்கொள்கிறேன். என் பிள்ளை பயமில்லாமல் பிரேக் பிடிக்கட்டும்.